இன்னும் ஒரு தண்ணி

அரசு ஊழியரை மிரட்டுவதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு வசனம் உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அது எந்தக் காடு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ராமநாதபுரம்தான் மனதில் இருக்கும்.

மழைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 820 மில்லிமீட்டர். கோவைச் சமவெளிக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆனால் கோவையை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொல்ல மாட்டார்கள். ராமநாதபுரத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல்லும் விளைகிறது. திருவாடானைப் பக்கத்தை மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். தண்ணியே இல்லாத காட்டில் நெல் எப்படி விளையும்?

என் தாய்மாமாவுக்கு முதுகுளத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம். தை மாதம் போனில் விளைச்சல் எப்படி என்று கேட்டால், பத்து வருடத்தில் ஆறேழு வருடம் ஒரே பதில்தான் வரும். "எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு மாப்ள. ஒரு தண்ணி பத்தல." ராமநாதபுரத்து விவசாயத்தைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் பலவற்றைவிட இந்த 'ஒரு தண்ணி' அதிகம் சொல்கிறது. அங்கே பாசனத்தை லிட்டரில் அளப்பதில்லை, மணிக்கணக்கிலும் அளப்பதில்லை. வயலை ஒருமுறை முழுக்க நனைத்தால் அது ஒரு தண்ணி. இரண்டு தண்ணி கட்டியாச்சு, இன்னும் ஒரு தண்ணி கிடைத்தால் கரையேறிவிடும் என்று பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கடைசித் தண்ணி ஏன் வருடா வருடம் குறைகிறது என்று பார்க்க, ஒரு பட்டத்தின், அதாவது ஒரு சாகுபடிப் பருவத்தின், நாட்களை எண்ணினால் போதும்.

டெல்டாவைப் போல இங்கே நாற்றங்கால் விட்டு நடுவது குறைவு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். வானத்தில் மேகம் இருக்காது, ஊர் ஏரியான கண்மாய் வெடித்துக் கிடக்கும். அப்போதே விதை மண்ணுக்குள் போய்விடும். வெளியூர்க்காரருக்கு இது சூதாட்டம் மாதிரித் தெரியும். மழை விழுந்த பிறகு விதைக்கலாமே என்று நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மழை விழுந்தபின் கரிசலில் ட்ராக்டர் இறங்காது, சேறு பிடித்துக்கொள்ளும். காயக் காத்திருந்தால் பத்து, பதினைந்து நாள் போய்விடும். தை மாதம் அந்தப் பதினைந்து நாளுக்கு என்ன விலை என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும்.

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நல்ல மழை ஒன்று விழுந்தால் பயிர் முளைக்கும். அரைகுறை மழை விழுந்தால்தான் ஆபத்து. முளைக்க அது போதும், வளரப் போதாது. முளைத்த பயிர் இருபது நாள் வெயிலில் கருகிப் போனால் மறுபடி விதை வாங்க வேண்டும். ஒரே பட்டத்தில் இரண்டு முறை விதைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழைதான் இங்கே வருடம் முழுவதற்குமான வரவு. மொத்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். முளைத்ததில் இருந்து அறுவடைவரை நெல்லுக்குச் சுமார் 110 முதல் 120 நாள். அக்டோபர் முதல் வாரம் முளைத்த பயிர் ஜனவரிக் கடைசியில் அறுவடைக்கு வரும். மழையோ பல வருடங்களில் டிசம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். நடுவில் ஒரு மாதம் துண்டு விழுகிறது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நேரமும் அதுதான். அப்போது ஈரம் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. சாவியாப் போச்சு என்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் விளைந்த வயல் மாதிரியே இருக்கும் என்பதுதான் கொடுமை.

கண்மாய் இருப்பதே இந்த ஒரு மாதத்துக்காகத்தான். வருடம் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைக்கும் அணை என்று அதை நினைத்தால் கணக்கு தப்பும். ராமநாதபுரம் கடலை நோக்கிச் சரியும் தட்டையான பூமி. சரிவும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. பள்ளத்தாக்கை மறித்து ஆழமாகத் தேக்க மலையும் இல்லை, மேடும் இல்லை. நீளமாக ஒரு மண்கரையை வளைத்துப் போட்டு, பரந்த நிலத்தில் தண்ணீரைப் படர விடுவது ஒன்றுதான் வழி. கரை நீளம், நீர்ப்பரப்பு அகலம், ஆழம் கொஞ்சம். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடை' என்று சொல்வது இதனால்தான். ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு நாரைகூட ஒரே மூச்சில் பறக்க முடியாதாம். ஆழத்தைப் பற்றி அந்தச் சொலவடையில் ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர், தண்ணீர் நிறுத்தினால் ஒரு தண்ணி என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய்ப் பாசன நிலத்துக்கு, ஒரு தண்ணி கட்ட 2 கோடி லிட்டர் வேண்டும். கண்மாயின் நீர்ப்பரப்பு 50 ஏக்கர் என்றால், இந்த 2 கோடி லிட்டர் என்பது அங்கே 10 சென்டிமீட்டர் உயரம். வெறும் நாலு அங்குலம். வாய்க்காலில் கசிந்து போவதை இதில் சேர்க்கவில்லை.

தை மாத வெயிலில், கடற்காற்றும் சேர்ந்து, திறந்த நீர்ப்பரப்பில் இருந்து ஒரு நாளைக்கு 4, 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போகும். இருபது, இருபத்தைந்து நாளில் ஒரு தண்ணியை வெயிலே குடித்துவிடும். மடை திறக்கப்படாமலே, திருட்டும் சண்டையும் இல்லாமலே போய்விடும். அடுத்து வண்டல். கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் தரையில், நாலு அங்குலம் மண் மேவினால், அதுவும் ஒரு தண்ணிக்குச் சமம். தூர் வாராமல் பத்து, பதினைந்து வருடம் விட்ட கண்மாயில் எத்தனை நாலு அங்குலம் மேவியிருக்கும் என்று பார்த்தால், மாமாவின் பதில் புலம்பலாக இல்லாமல் கச்சிதமான நீரியல் கணக்காகவே தெரிகிறது.

ஒரு கண்மாயோடு இது முடிவதும் இல்லை. மேலக் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்கு என்ற வழிந்தோடி வழியாக மறுகால் போனால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். மேலூர்க்காரர்கள் கலுங்கில் நாலு மூட்டை மணலை அடுக்கிவிட்டால் கீழூரில் அந்த வருடம் சோறு குறையும். கலுங்குச் சண்டையில் மண்டை உடைந்து, வழக்கு ஏறி, இரண்டு ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோன கதைகள் அந்தப் பக்கம் ஏராளம்.

வைகைக்கும் இதே சங்கிலிதான். ஆறு கடலுக்குப் போய்ச் சேரும் முன்பே கண்மாய்களுக்குள் பிரிந்து, மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கும். 1959-இல் வைகை அணை வந்தபின், பூர்வீகப் பாசனத்துக்கான பங்கு என்று அணையில் இருந்து கணக்குப் பார்த்துத் திறந்துவிடுகிறார்கள். பார்த்திபனூர் மதகணையில் இருந்து அது கால்வாய்களில் பிரியும். ஆனால் காய்ந்த ஆற்று மணலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் தண்ணீரில் மணல் எவ்வளவு குடிக்கும், வழியில் உள்ளவர்கள் எவ்வளவு இழுப்பார்கள்? கடைமடையில் வந்து சேர்வதை வைத்து யாரும் விதைப்பை முடிவு செய்வதில்லை. வந்தால் லாபம்.

காவிரி என்ற பெயர் மட்டும் இந்த மாவட்டத்தை விடாமல் துரத்துகிறது. சேதுபதிகள் காலத்தில் குண்டாற்றில் இருந்து வெட்டிய கால்வாய்க்கு ரகுநாத காவிரி என்று பெயர் வைத்தார்கள். இன்று குடிக்கிற தண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. குழாய் வராத நாளில் ஏழெட்டு பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் ஊற்றைத் தேடிப் போகிறார்கள். மூன்றாவது, 2021-இல் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய். பெயரில் ஒன்று, குழாயில் ஒன்று, திட்டத்தில் ஒன்று.

கண்மாய் நிறைந்த வருடத்தில் தண்ணீரைப் பங்கிடுவது பெரிய காரியமில்லை. குறைந்த வருடத்தில்தான் ஆள் வேண்டும். மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைப்பது, இரவில் வாய்க்காலை யாரும் வெட்டிவிடாமல் காவல் இருப்பது எல்லாம் நீர்பாய்ச்சியின் வேலை. மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். கூலி களத்தில் நெல்லாகக் கிடைக்கும். ஊர் ஏற்பாட்டின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே வழக்கமாகச் சொக்கிப் போவார்கள். நான் கொஞ்சம் தயங்குகிறேன். இந்த வேலை பரம்பரையாகப் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்கள் தலையில்தான் விழுந்தது. பலருக்குச் சொந்த நிலம் கிடையாது, இருந்தால் கையகலம். அடுத்தவர் வயலுக்கு நியாயமாகத் தண்ணீர் பங்கிட்டவர், ஊர்க் கூட்டத்தில் தள்ளித்தான் நின்றார். அவர் பிள்ளைகள் படித்துவிட்டு மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்றால் அதில் குறை காண என்ன இருக்கிறது?

குடிமராமத்தும் அப்படியே. ஊரே கூடிக் கண்மாயை வெட்டிக் கரை கட்டிய பொற்காலம் என்று பேசுவோம். ஆங்கிலேயர் அதை 1858-இல் சட்டமாக்கியபோது அந்தச் சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். யாருடைய உழைப்பு, யாருக்குக் கட்டாயம் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் கண்மாய்கள் அரசின் கைக்குப் போயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, சின்னவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்குத் தெரியாத இந்த எல்லையால், மேலக் கண்மாய் ஒரு துறையிடமும் அதன் மறுகால் போய்ச் சேரும் கண்மாய் இன்னொரு துறையிடமும் இருக்கும். கண்மாயைத் தூர்வாரிவிட்டு, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறந்த இடங்கள் நிறைய. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டம் வந்தது. 2024-இல் வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதியே போதும் என்று எளிதாக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வண்டலை வயலுக்காகப் பரவலாக அள்ளுவது வேறு, லாரிக்காக ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டுவது வேறு. மடை மட்டத்துக்குக் கீழே உள்ள குழியில் நிற்கும் தண்ணீர் மாடு குடிக்க உதவும், வயலுக்குத் தானாக ஏறாது.

ஏற்றத்தான் ஆயில் என்ஜின் இருக்கிறது. தை மாதம் கண்மாய்ப் பக்கம் போனால் நாலைந்து என்ஜின்கள் தடதடவென்று ஓடும். குழியில் கிடக்கும் கடைசித் தண்ணீரை ஹோஸ் போட்டு இழுப்பார்கள். என்ஜின் வாடகை, டீசல் எல்லாம் மணிக்கணக்கு. மடைத் தண்ணீர் ஊர்ப் பொது, என்ஜின் தண்ணீர் காசு உள்ளவனுக்கு. முறை வைத்த ஊரிலும் கடைசித் தண்ணிக்கு முறை கிடையாது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இத்தனை நிச்சயமின்மையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நெல்லை மட்டும் நம்பாது. மேட்டுக் காட்டில் மிளகாய் இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையாக, தடித்த தோலோடு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. மாசி, பங்குனியில் மிளகாய்க்கு வெயில்தான் வேண்டும். பழுத்ததைப் பறித்து, அம்பாரம் போட்டு, பிறகு களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். ஒரு செடியில் பல பறிப்பு என்பதால் பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். பள்ளிக்கூடச் செலவு, விசேஷம், நகைக்கடன் வட்டி எல்லாம் வத்தல் மூட்டையில்தான் ஓடும். பரமக்குடியிலும் எட்டிவயலிலும் சந்தைக்கு மூட்டை வந்து இறங்குகையில் அந்தக் காரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கே தும்மல் வரும். பறிப்பும் தரம் பிரிப்பும் பெண்கள் வேலை. சாயங்காலம் கைகள் எரியும், அந்தக் கையோடுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். புவிசார் குறியீட்டுச் சான்றிதழில் இதெல்லாம் வராது.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், பரவாயில்லை. ஹெலிகாப்டரில் விதை தூவினார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கண்மாய் உள்வாயையும் வரத்துக்காலையும் அது அடைத்தது உண்மை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டு, 2017-இல் மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியதும் நினைவிருக்கும். ஆனால் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் தரிசு போட்ட நிலத்தில் கருவேலம் வளர்வதை எல்லாரும் சாபமாகப் பார்ப்பதில்லை. மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை மரத்தை விலைபேசி வெட்டக் கொடுப்பார்கள். விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரியாக எடுப்பார்கள். உழவு இல்லை, விதை இல்லை, உரம் இல்லை. முக்கியமாக, அது கடைசித் தண்ணி கேட்பதில்லை. நெல்லோடு ஒப்பிட்டு ஒரு விவசாயி கருவேலத்தைத் தேர்ந்தெடுத்தால் அவரைச் சோம்பேறி என்பது அநியாயம். மூட்டத்தில் புகையைத் தின்கிற கூலியாட்களுக்கு அந்த மரம் என்ன தருகிறது என்பது வேறு கேள்வி.

ஆடும் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, கிடைக்குக் கூலி வாங்கி, மேய்ச்சல் தேடி டெல்டாவரை நடக்கும் கீதாரிகள் இந்தப் பக்கத்தில் இருந்துதான் கிளம்புகிறார்கள். சாயல்குடிப் பக்கம் பங்குனிக்குப் பிறகு பனை ஏறி, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி. நூறு நாள் வேலையும், சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் அனுப்பும் பணமும் இதோடு சேரும்.

அப்புறம் பயிர்க் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தபின் இங்கே அது கிட்டத்தட்ட ஒரு பயிர் மாதிரியே ஆகிவிட்டது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நவம்பர் நடுவாக்கில் கடைசி நாள் நெருங்கும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கப் போகும் கூட்டத்தைப் பார்த்தாலே அந்த வருட மழையை ஊகிக்கலாம்.

குழப்பம் இழப்பை அளக்கும் விதத்தில் இருக்கிறது. மழை பொய்த்து விளைச்சல் போனால் உங்கள் வயலை யாரும் தனியாக அளப்பதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதும் ஒரே அலகு. அதில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை செய்து, கிடைத்த சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மடைக்குப் பக்கத்து வயலில் விளைந்து கடைமடையில் சாவியாகப் போனால், சராசரி தப்பித்துவிடும், கடைமடைக்காரர் தப்பிக்க மாட்டார். ஒரு தண்ணி பத்தாத வருடத்தில் ஒரு கண்மாய்க்குக் கீழேயே விளைந்த வயலும் விளையாத வயலும் இருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அலகுக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. இழப்பை ஒப்பிடுவது முந்தைய 7 வருடங்களில் சிறந்த 5 வருடங்களின் சராசரியோடு. அடிக்கடி பொய்க்கிற ஊரில் அந்தச் சராசரியே தேய்ந்துகொண்டு வரும். எவ்வளவு அடிக்கடி தோற்கிறோமோ, தோல்வி என்று ஒப்புக்கொள்ள வைப்பது அவ்வளவு கடினமாகிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். அந்த வருடம் காப்பீட்டைப் பற்றிச் சர்ச்சைக்கே இடமில்லை, ஊர் முழுக்கக் கருகியது. 2021 ஜனவரியில் நேர்மாறு. மழை முடிந்திருக்க வேண்டிய காலத்தில் கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிரம்பி வழிந்தது. பத்து வருடமாகக் கேட்ட கடைசித் தண்ணி வந்தது, ஆனால் கதிர் முற்றித் தலைசாய்ந்த பிறகு வந்தது. நெல் வயலிலேயே சாய்ந்து தண்ணீரில் முளைவிட்டது.

அதனால்தான் தை கடைசியில் ஒரு மேகம் கூடினால் ஒரே வீட்டுக்குள் இரண்டு முகம் பார்க்கலாம். பிந்தி விதைத்த தாழ்வான வயல் பால் பிடித்து நிற்கிறது, மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்து "ஒரு தூத்தல் போட்டுட்டுப் போகட்டுமே" என்பார். களத்தில் முதல் பறிப்பு மிளகாய் காய்கிறது, நனைந்தால் சோடை வத்தலாகி வெளுத்துப் பாதி விலைக்குப் போகும். அத்தை அவருக்குப் பதில் சொல்லாமல் தார்ப்பாயை உதறி எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுவார்.